வலது மூக்கில் மட்டும் ஈரம்: காவேரிப்பட்டணத்தில் ஒரு காக்டீலின் தும்மல்

கடைக்காரர்கள் ‘காக்டெய்ல்’ என்று சொல்லி விற்கும் கொண்டைக் கிளி இது. சாம்பல் நிறம், ஆண், வயது பத்து மாதம் இருக்கலாம். ஜூன் மாதம் வாங்கியது. அக்டோபரில் வீட்டுச் சமையல் தராசில் 93 கிராம் நின்றது, ஜனவரி மூன்றாம் வாரம் மருத்துவரிடம் போன அன்று 85. தென்பெண்ணைக் கரையில் தெருவைப் பார்த்த வீடு. கூண்டு மாட்டியிருந்தது கூடத்துச் சுவரில், பூஜை அலமாரிக்கு இரண்டடி தள்ளி.

தும்மல் கண்ணில் பட்டது கார்த்திகைக் கடைசியில். முதலில் ஒரு நாளைக்கு ஆறேழு, மார்கழி பாதியில் முப்பதைத் தாண்டியது. குரல் மாறவில்லை, விசில் அடிப்பது நிற்கவில்லை, தீனியும் குறையவில்லை என்றார்கள். எடை குறைந்தது மட்டும் வேறு கதை சொன்னது. பறவை தட்டில் கொத்திக்கொண்டே இருப்பதைப் பார்த்துச் சாப்பிடுகிறது என்று நம்பிவிடுவோம். பாதி நேரம் அது உமியைப் புரட்டிக்கொண்டிருக்கும். இந்த வீட்டில் தராசு இருந்தது பெரிய விஷயம்.

எது தும்மல், எது தும்மல் இல்லை

ஆரோக்கியமான காக்டீலும் தும்மும். தூங்கி எழுந்ததும், இறகு கோதி முடித்ததும், குளித்ததும் ‘ட்சிக்’ என்று உலர்ந்த சத்தம் ஒன்றிரண்டு வரும். காக்டீலின் உடம்பிலேயே மாவு மாதிரி வெள்ளைத் தூள் உண்டாகிறது. கறுப்புத் துணியில் கையைத் தட்டினால் தெரியும். அந்தத் தூள் மூக்கில் ஏறினால் தும்மித்தான் ஆகவேண்டும். சில கிளிகள் கால் நகத்தை மூக்குத் துளையில் விட்டுக் குடைந்து தாமாகவே தும்மலை வரவழைக்கும், அதுவும் நோய் இல்லை. வீட்டில் யாருக்காவது பத்து நாள் ஜலதோஷம் இருந்தால் மனிதத் தும்மலையே கற்றுக்கொள்ளும் பறவைகளும் உண்டு. அப்படிக் கற்றது தும்மும்போது தலை உதறாது, மூக்கில் ஈரமும் இருக்காது.

இந்தப் பறவையிடம் இருந்தது வேறு. தும்மியவுடன் தலையை வலப்பக்கமாக உதறும், பிறகு கன்னத்தைக் கட்டைக்கம்பில் தேய்க்கும். வலது மூக்குத் துளைக்கு மேலே இருந்த பொடி இறகுகள் ஒட்டிப்போய்ப் பழுப்பேறியிருந்தன, தேநீர்க் கறை மாதிரி. இடப்பக்கம் சுத்தம். கூண்டுக்குப் பின்னால் சுவரில் வலப்பக்கத்தில் மட்டும் உலர்ந்த புள்ளிகள்.

ஒரு பக்கம் மட்டும் ஒழுகினால் முதலில் நினைக்க வேண்டியது அந்தத் துளைக்குள் என்ன இருக்கிறது என்பதைத்தான். உடம்பு முழுக்கப் பரவும் தொற்று பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும், கண்ணையும் இழுத்துக்கொள்ளும். இது சட்டம் இல்லை. ஆனால் எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பதை இதுதான் சொல்லும்.

முதலில் செய்த வைத்தியம்

பறவை வாங்கிய கடையில் கேட்டபோது வந்த பதில்: “சளி புடிச்சிருக்குதுங்க. இந்தப் பொடிய தண்ணியில கலந்து வைங்க, அஞ்சு நாள்ல சரியாயிடும்.” அது ஆன்டிபயாட்டிக். மூன்றாம் நாள் தும்மல் கொஞ்சம் குறைந்தது, ஐந்தாம் நாள் பொடி நின்றது, பத்தாம் நாள் தும்மல் முன்னைவிட அதிகம். இடையில் கூண்டுக் கம்பியில் தைலம் தடவினார்கள், கற்பூரவல்லிச் சாறு இரண்டு சொட்டு வாயில் விட்டார்கள்.

மூன்றிலும் கோளாறு இருக்கிறது. தண்ணீரில் கலந்த மருந்தைப் பறவை எவ்வளவு குடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கசந்தால் குடிக்காது. குளிர்காலத்தில் காக்டீல் குடிப்பதே கொஞ்சம், அதிலும் குறைந்தால் எடை இறங்கும். போதாத அளவு மருந்து போனால் மேலோட்டமாகச் சேர்ந்த கிருமி அடங்கும், அடியில் இருக்கும் காரணம் அப்படியே நிற்கும். பிறகு சளியை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினாலும் கிருமி வளர்ந்து காட்டாமல் போகலாம். அதனால்தான் ஆன்டிபயாட்டிக் கொடுத்திருந்தால் என்றைக்கு நிறுத்தினோம் என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லவேண்டும். தைலத்தில் உள்ள கற்பூரமும் மெந்தாலும் பறவையின் மூச்சுப்பாதைக்கு எரிச்சல். சாறு வாயில் விடுவது எல்லாவற்றிலும் ஆபத்து. பிடித்து அழுத்திய பறவையின் வாயில் சொட்டினால் நேராக மூச்சுக்குழலுக்குப் போகலாம்.

நாட்காட்டியில் போட்ட கோடுகள்

வழியைத் திறந்து விட்டது அந்த வீட்டுப் பள்ளிக்கூடப் பெண் செய்த வேலை. தினசரி கிழிக்கும் நாட்காட்டித் தாளில் ஒவ்வொரு தும்மலுக்கும் ஒரு கோடு. காலை, பகல், மாலை என்று மூன்று வரிசை. பத்து நாள் தாள்களை அடுக்கிப் பார்த்தபோது ஒரு நாளின் சராசரி 38. அதில் முக்கால்வாசி இரண்டு நேரத்தில் குவிந்திருந்தது: காலை 6 முதல் 7.30 வரை, மாலை 6.30 முதல் 8 வரை. பகலில் எண்ணிக்கை ஏழெட்டைத் தாண்டவில்லை. வெள்ளிக்கிழமைத் தாள்களில் மட்டும் மாலை வரிசை இடம் போதாமல் ஓரத்துக்கு ஏறியிருந்தது.

அந்த நேரத்தில் வீட்டில் என்ன நடக்கிறது? மார்கழி என்பதால் விடியற்காலை விளக்கேற்றி ஊதுபத்தி. குளிருக்குக் கதவு, ஜன்னல் சாத்தியிருக்கும். மாலையில் பெண்ணையாற்றுக் கொசுவுக்குச் சுருள். வெள்ளியன்று தூபக்காலில் சாம்பிராணி, வீடு முழுக்க. கூண்டு இருப்பதோ அலமாரிக்குப் பக்கத்தில். தெருவில் வேறொன்று: நவம்பர் கடைசியிலிருந்து கேழ்வரகு அறுப்பு. கதிரை ரோட்டில் பரப்பி வண்டி ஏறவிட்டுத் தூற்றும்போது கிளம்பும் சுணை மனிதனையே தும்ம வைக்கும்.

பொங்கலுக்கு ஊத்தங்கரையில் தாத்தா வீட்டுக்குப் போனபோது பறவையையும் எடுத்துப் போனார்கள். கூண்டு திண்ணையில், அதே தீனி, அதே தட்டு. கோடுகள் முதல் நாள் 24, பிறகு 15, 12, 11, 11. வீடு திரும்பிய மறுநாளே 33.

இதைப் பார்த்துவிட்டு ‘புகைதான், வேறொன்றுமில்லை’ என்று முடித்திருந்தால் தவறாகப் போயிருக்கும். ஊத்தங்கரையில் புகையே இல்லாத நாளிலும் பதினொன்று நின்றதே, அது எங்கிருந்து வந்தது? அந்தப் பதினொன்றிலும் வலது மூக்கு ஈரமாகத்தான் இருந்தது. ஆக, புகை ஒரு அடுக்கு. அதற்கு அடியில் இன்னொன்று இருக்கிறது.

பரிசோதனை

மாவட்டத்தில் மாடு, ஆடு, கோழி பார்க்கும் மருத்துவமனைகளுக்குக் குறைவில்லை. கிளி வகையைப் பார்த்துப் பழகியவருக்காக இந்தக் குடும்பம் பெங்களூரு போனது. பயணத்துக்குச் சின்னக் கூண்டு, மூன்று பக்கம் துணி, ஒரு பக்கம் திறப்பு. தண்ணீர்க் கிண்ணத்தை வைத்தால் முதல் வேகத்தடையிலேயே பறவை நனைந்துவிடும், அதற்குப் பதில் வெள்ளரித் துண்டு. அடித்தாளை மாற்றாமல் அப்படியே கொண்டுபோனார்கள். அன்றைய எச்சமும் ஒரு சாட்சிதான்.

பிடிப்பதற்கு முன் பத்து நிமிடம் தூரத்திலிருந்து பார்த்தார் மருத்துவர். ஓய்வில் நிமிடத்துக்கு 44 மூச்சு, காக்டீலுக்கு இயல்பான கணக்குதான். மூச்சோடு சேர்ந்து வால் மேலும் கீழும் ஆடவில்லை, வாய் திறக்கவில்லை. வால் ஆடியிருந்தால் நோய் மூக்கைத் தாண்டி நுரையீரலுக்கோ காற்றுப் பைகளுக்கோ போயிருக்கும், அப்போது அவசரமே வேறு. எச்சத்தில் பச்சை உருண்டையும் வெள்ளைச் சுண்ணாம்பும் தனித்தனியாகத் தெரிந்தன. வெள்ளைப் பகுதி எலுமிச்சைப் பச்சையாக மாறியிருக்கவில்லை.

துண்டில் சுற்றிப் பிடித்தபோது மார்பை அழுத்தவில்லை. பறவைக்கு உதரவிதானம் கிடையாது, மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போகும். இறுக்கிப் பிடித்தால் மூக்கு அடைத்த பறவை கையிலேயே போய்விடும். பிறகு பஞ்சிலிருந்து ஒரு இழை பிரித்து ஒவ்வொரு துளைக்கும் முன்னால் பிடித்தார். இடப்பக்கம் இழை ஆடியது. வலப்பக்கம் அசையவே இல்லை.

டார்ச் வெளிச்சத்தில் வலது துளை இடதைவிட அகலமாக இருந்தது. உள்ளே பாகு வெல்ல நிறத்தில் ஒரு முட்டு. கிளிகளின் மூக்குத் துளைக்குள் இயல்பாகவே சின்ன மொட்டு போன்ற தடுப்பு ஒன்று உண்டு. அதை அழுக்கு என்று நினைத்துக் குடைந்து ரத்தம் வரவைத்தவர்கள் இருக்கிறார்கள். இடது துளையில் அந்த மொட்டு தெளிவாகத் தெரிந்தது, வலதில் முட்டு மறைத்துவிட்டது. இரண்டு பக்கத்தையும் ஒப்பிடாமல் எதையும் தொடக்கூடாது.

மூன்றாவது சேதி வாய்க்குள் இருந்தது. பறவையின் மேலண்ணத்தில் நீளவாக்கில் ஒரு பிளவு உண்டு, மூக்கும் வாயும் சந்திக்கும் இடம். அதன் இரு கரையிலும் சீப்புப் பல் மாதிரிக் கூர்மையான நுனிகள் வரிசையாக நிற்கவேண்டும். இந்தப் பறவைக்கு அவை தேய்ந்து மொட்டையாக இருந்தன. விதை மட்டுமே தின்று வளர்ந்த கிளியிடம் இதைப் பார்த்தால் வைட்டமின் ஏ குறைபாட்டைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும். தீனி விவரம் கேட்டபோது சந்தேகம் உறுதியானது: ஏழு மாதமும் தினையும் சூரியகாந்தி விதையும். கீரை வைத்தார்கள், தொடவில்லை, விட்டுவிட்டார்கள்.

மூன்று அடுக்கு எப்படிச் சேர்ந்தது

தினை, சாமை, கேழ்வரகு, சூரியகாந்தி எதிலும் பறவைக்குத் தேவையான அளவு வைட்டமின் ஏ கிடையாது, அதாக மாறக்கூடிய மஞ்சள் நிறச் சத்தும் போதாது. அது குறையும்போது மூக்கு, கண்ணுக்குக் கீழே உள்ள காற்றறை, எச்சில் சுரப்பி ஆகியவற்றின் ஈரமான உட்தோல் காய்த்துப்போகிறது, உள்ளங்காலில் தோல் தடிப்பதைப் போல. தூசியைப் பிடித்து வெளியே தள்ளும் சளியும் நுண்ணிய மயிரும் அந்த இடத்தில் இல்லாமல் போகும். காய்த்த தோல் செதில் செதிலாக உதிரும். அந்தச் செதில், உடம்புத் தூள், சலிக்காத தினையின் உமி எல்லாம் ஒரு துளையில் தங்கி இறுகினால் மூக்குக்குள் கல் மாதிரி ஒரு கட்டி. கட்டிக்குப் பின்னால் சளி தேங்கும், தேங்கிய இடத்தில் கிருமி சேரும், ஒழுகும். ஏற்கெனவே பலவீனமான அந்த உட்தோலில் ஊதுபத்தியும் சுருளும் படும்போது தும்மல் முப்பதுக்கு எகிறுகிறது. கடைப்பொடி அந்தச் சில கிருமிகளை மட்டும்தான் தொட்டது.

இது கிளமிடியா என்ற கிருமியின் தொற்றாகவும் இருக்கலாம் என்ற சந்தேகத்தை மருத்துவர் கைவிடவில்லை. கிளிக் காய்ச்சல் என்று சொல்லப்படும் அது மனிதருக்கும் ஒட்டும். கண், மேலண்ணம், எச்சத் துவாரம் மூன்றிலும் பஞ்சுக் குச்சியால் எடுத்து பிசிஆர் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை கூண்டுத் தாளைத் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகே எடுக்கவேண்டும், உலர்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்கக்கூடாது, மூக்கு வாய் மூடும் முகக்கவசம் போடவேண்டும் என்றார். வீட்டில் யாருக்காவது காய்ச்சல், தலைவலி, வறட்டு இருமல் வந்தால் கிளி வளர்ப்பதை மருத்துவரிடம் சொல்லவேண்டும் என்பதும் அதில் அடக்கம். சோதனையில் தொற்று இல்லை என்று வந்தது. இந்தக் கிருமி விட்டுவிட்டு வெளிவரும் என்பதால் ஒருமுறை இல்லை என்றால் இல்லவே இல்லை என்று ஆகாது. ஆனால் கண் தெளிவு, சுறுசுறுப்பு, எச்சத்தின் நிறம் எல்லாம் அந்தப் பதிலோடு ஒத்துப்போனதால் அதோடு விட்டார். இருக்கிறது என்று வந்திருந்தால் டாக்ஸிசைக்ளின் வழக்கமாக 45 நாள். அந்த நாட்களில் கணவாய் ஓடு, சுண்ணாம்புக் கட்டி எல்லாம் கூண்டை விட்டு வெளியேறவேண்டும், கால்சியம் மருந்தைக் கட்டிப்போட்டுவிடும்.

குரல் கரகரத்துப் போயிருந்தால், மூச்சு நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே போனால், பூஞ்சையைத் தேடவேண்டும். பூஞ்சணம் பிடித்த நிலக்கடலையும் ஈரமான வைக்கோலும் அதற்குப் பழைய வழி. கானரி, ஃபிஞ்ச் போன்ற சின்னப் பறவைகளிடம் இரவில் ‘டிக் டிக்’ என்று மூச்சில் சத்தம் கேட்டால் காற்றுப்பைச் சிற்றுண்ணி. நம்மூரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கும் பட்ஜிக்கு மூக்கைச் சுற்றிக் கடற்பஞ்சு மாதிரிப் பொருக்கு வந்தால் சொறி உண்ணி. எதுவும் இந்தப் பறவையிடம் இல்லை.

கட்டியை எடுத்தது

வெதுவெதுப்பான 0.9 சதவீத உப்புநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஊறவைத்து, முனை மழுங்கிய மெல்லிய கருவியால் ஓரத்திலிருந்து பிரித்து எடுத்தார் மருத்துவர். கடுகைவிடச் சற்றுப் பெரியது. நசுக்கியபோது அடுக்கடுக்காகப் பிரிந்தது, நடுவில் தினை உமி ஒன்று. அதன்பின் தலையைக் கீழாகச் சாய்த்து, ஊசி கழற்றிய சிரிஞ்சில் உப்புநீரை அந்தத் துளை வழியாகச் செலுத்த, கயிறு கயிறாகச் சளி வாய் வழியே வந்தது. அதைக் கண்ணாடித் துண்டில் தடவிச் சாயமேற்றிப் பார்த்ததில் கிருமி கொஞ்சம்தான், பூஞ்சை இல்லை. வாய்வழி ஆன்டிபயாட்டிக் வேண்டாம் என்று முடிவாயிற்று. கண்ணுக்குப் போடும் ஆன்டிபயாட்டிக் சொட்டு மட்டும் வலது மூக்கில் ஏழு நாள். வைட்டமின் ஏ ஊசி ஒன்று, அந்த ஒன்றோடு சரி. அளவு மீறினால் அதுவே நஞ்சு.

சொட்டு மருந்து வாங்கும்போது இரண்டு இடத்தில் தவறு நடக்கும். ஸ்டீராய்டு கலந்த கண் சொட்டு அதே போன்ற குப்பியில் பக்கத்திலேயே இருக்கும், பறவையின் எதிர்ப்புச் சக்தியை அது சாய்த்துவிடும். மூக்குக்கு உப்புநீர் கேட்டால் மூக்கடைப்பு நீக்கும் சைலோமெட்டாசொலின் சொட்டைக் கையில் கொடுப்பார்கள். லேபிளில் சோடியம் குளோரைடு 0.9 சதவீதம் என்பதைத் தவிர வேறு பெயர் இருந்தால் வேண்டாம். ஊக்கு, பல்குச்சி, காதுக் குச்சி எதையும் மூக்கில் விடக்கூடாது என்று தனியாகச் சொல்லவேண்டியிருக்கிறது, ஏனென்றால் விடுகிறார்கள்.

வீட்டில் மாற்றியவை

கூண்டு அலமாரியிடமிருந்து விலகிப் பின்கட்டு ஜன்னலுக்குப் போனது. அடுப்படிக்கும் அதற்கும் நடுவே ஒரு கதவு. தாளிக்கும் நெடி தும்மலோடு போய்விடும். காய்ந்து தீய்ந்த நான்ஸ்டிக் சட்டியின் புகை தும்ம நேரம் கொடுக்காமல் பறவையைக் கொன்றுவிடும், அந்தச் சட்டி வீட்டை விட்டே போயிற்று. சுருளுக்குப் பதில் ஜன்னலுக்குக் கொசுவலை. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை, கேட்டாலும் நடக்காது. அந்த அரைமணி நேரம் பறவை மொட்டை மாடி அறைக்குப் போய்வரும், அவ்வளவுதான். இரவில் கூண்டு முழுக்கப் போர்த்திய கம்பளியை எடுத்துவிட்டு மூன்று பக்கம் பருத்தித் துணி. தினையைத் தெருப்பக்கம் கொண்டுபோய் முறத்தில் புடைத்து, சல்லடையில் சலித்து டப்பாவில் போட்டார்கள். இரண்டு நாளைக்கு ஒருமுறை, வெயில் ஏறிய பத்து மணிக்கு மேல், பன்னீர் தெளிப்பது போல் உடம்பில் தண்ணீர் தெளிப்பு. தூள் அடங்கும். சாயங்காலம் தெளித்தால் நனைந்தபடி குளிரில் தூங்கும்.

தீனி மாற்றுவதுதான் நாள் பிடித்தது. பட்டினி போட்டுப் பழக்குவது கூடாது. 85 கிராம் பறவையிடம் இழக்க ஒன்றுமில்லை. தினமும் காலை முதல் எச்சம் போட்டபின், தீனிக்கு முன், தராசு. 83க்குக் கீழே இறங்கினால் எல்லாவற்றையும் நிறுத்திப் பழைய தீனிக்குத் திரும்புவது என்று முதல் நாளே முடிவு செய்தார்கள். விதை நாள் முழுக்கத் தட்டில் கிடப்பது நின்றது: காலை ஆறு கிராம், மாலை ஆறு கிராம். காலை விதைக்கு முன் ஒரு மணி நேரம் கீரை மட்டும்.

துருவிய கேரட்டை ஒன்பது நாள் மிதித்துக் கடந்தது. வழி திறந்தது முருங்கைக்கீரையில். ஈர்க்கோடு கழுவி, நீர் சொட்டச் சொட்டக் கூண்டின் மேல் கம்பியில் தலைகீழாகக் கட்டியபோது, அதில் உரசிக் குளிக்கப் போன பறவை இலையைக் கிள்ளிப் பார்த்தது. அதன்பிறகு முளைகட்டிய தினையில் வேகவைத்து நசுக்கிய மஞ்சள் பூசணி ஒரு தேக்கரண்டி, கொத்தமல்லி, ஆரஞ்சு நிறச் சதை உள்ள சர்க்கரைவள்ளிக் கிழங்கு. வெள்ளைச் சதைக் கிழங்கில் அந்தச் சத்து மிகக் குறைவு, சந்தையில் ஒன்றை உடைத்துப் பார்த்து வாங்கவேண்டும். அவகாடோ கூடவே கூடாது. தண்ணீரில் வைட்டமின் சொட்டு கலப்பதும் வேண்டாம் என்றார் மருத்துவர். வெளிச்சத்தில் சத்து போகும், கிண்ணத்தில் வழவழப்புப் படியும்.

இரண்டு மாதம் கழித்து

கட்டி எடுத்த மறுநாள் கோடுகள் 19. ஒரு வாரத்தில் 8. பிப்ரவரி கடைசியில் மூன்று, நான்கு, அதுவும் குளித்த பிறகு, உலர்ந்த தும்மல். எடை 91. மூக்கின் மேல் இருந்த பழுப்பு இறகுகள் அடுத்த இறகுதிர்ப்பில்தான் போகும், அதற்குள் கழுவிப் பயனில்லை.

எல்லாம் பழையபடி ஆகவில்லை. அகன்ற வலது துளை அகன்றபடியே இருக்கும், அதில் மறுபடி உமி தங்க இடமுண்டு. மேலண்ணத்தின் மழுங்கிய நுனிகள் முழுதாகத் திரும்பும் என்று மருத்துவர் சொல்லவில்லை. மார்ச்சில் ஒரு வெள்ளியன்று பக்கத்து வீட்டுச் சாம்பிராணி ஜன்னல் வழியாக வந்தபோது நாட்காட்டியில் ஒன்பது கோடு விழுந்தது. மூக்கு ஈரமாகவில்லை, மறுநாள் மூன்றுக்கு இறங்கியது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை டார்ச் அடித்து இரண்டு துளையையும் ஒப்பிட்டுப் படம் எடுத்து வைக்கிறார்கள். பஞ்சு இழை வலப்பக்கம் ஆடாமல் நின்றால் அன்றே பெங்களூரு பஸ். மாம்பழம் வந்ததும் ஒரு சுண்டுவிரல் நுனி அளவு கொடுக்கலாமா என்று கேட்டதற்கு, கொடுக்கலாம், ஒட்டிய சாற்றை மூக்கிலிருந்து துடைத்துவிடுங்கள் என்று பதில் வந்தது.